பூமணியின் தாடைக்குச் செய்த கரப்பு

ஆஸ்பத்திரியில் பல் பகுதிக்குப் பின்னால், மருந்துக் களஞ்சியத்தை ஒட்டி ஒரு நீட்டு அறை இருந்தது. வாசலில் ‘பல் ஆய்வுகூடம்’ என்று எழுதியிருந்தாலும் அங்கே ஆய்வு ஒன்றும் நடந்ததில்லை. பிளாஸ்டர் குழைப்பதும், மெழுகு உருக்குவதும், கம்பி வளைப்பதும், கட்டுப்பல் செய்வதும்தான் நடந்தன. அந்த அறையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். பதவிப் பெயர் பல் தொழில்நுட்பவியலாளர். என் ஊரான தன்னாமுனையில் என்னை இன்றைக்கும் ‘பல்லுக்கட்டுற வின்சன்ற்’ என்றுதான் சொல்கிறார்கள். சொல்வதற்கு அதுதான் சுகம்.

போன மாதம் அங்கே இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் புது இயந்திரம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். கணினியில் கீறிய தாடையை அது அப்படியே அச்சிட்டுத் தருகிறது. பக்கத்தில் கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்த ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. நோயாளியின் எலும்புக்குள் இருக்கிற மச்சையிலிருந்து உயிருள்ள கலங்களை எடுத்து இப்படியான ஒரு சட்டத்துக்குள் விதைத்தால், முகத்திலும் தாடையிலும் இல்லாமல் போன எலும்பு புதிதாக வளருமாம். இழையப் பொறியியல் என்றார்கள். வெளிநாட்டு ஆராய்ச்சிகளின் படங்களையும் காட்டினார்கள். நன்றாக இருந்தது.

“அண்ணே, உங்கட காலத்தில தாடையெலும்பு போய் ஆக்கள் வந்தா என்ன செஞ்ச நீங்க?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

“கரப்புச் செஞ்ச” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். வாவியில் கால் மட்டத் தண்ணீரில் மீனுக்கு மேல் கவிழ்த்துப் பிடிக்கிற கூடைக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்? அன்று அரைமணி நேரத்தில் சொன்னதை இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

தொழில் பழகியது கொழும்பில், இரண்டு வருடம். படிப்பித்தவர் நாங்கள் செய்த கட்டுப்பற்களை மேசையிலிருந்து கீழே தட்டிவிடுவார். உடையாவிட்டால் பரீட்சையில் சித்தி. எனக்கு அங்கே மூன்று விடயங்கள் கிடைத்தன: பொறுமை, நல்ல சிங்களம், பிளாஸ்டர் தூளால் வந்த இருமல். திரும்பி வந்து வேலையேற்ற காலத்தில் சண்டை தொடங்கியிருந்தது. முதல் சில வருடங்கள் கிழவர்களுக்குப் பல் கட்டினேன். பிறகு வேறு விதமான வாய்கள் வரத் தொடங்கின.

கண்டி டொக்டர் வந்தது தொண்ணூறுகளில். முகம், தாடை இரண்டுக்குமான சத்திரசிகிச்சை நிபுணர். கண்டிப் பக்கத்துச் சிங்களவர். ஆறு மாதத்துக்கென்று அனுப்பப்பட்டு ஐந்து வருடம் இருந்தார். ஒல்லியான மனிதர். காதில் எப்போதும் ஒரு பென்சில். தமிழை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, நோயாளிகளிடம் பிடித்தார். முதலில் சிறுவர் வாட்டில் பிடித்ததால், எழுபது வயதுக் கிழவரிடமும் “வாயத் தொறங்க மனே” என்பார். மகனே என்று கூப்பிடுகிற அந்தச் சொல்லைக் கேட்டுக் கிழவர்கள் திகைத்து வாயைத் திறந்துவிடுவார்கள். இது பிழை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெரிய டொக்டர்மார் என் அறைக்கு வருவது வழக்கமில்லை. தாளில் எழுதி அனுப்புவார்கள். இவர் வந்த இரண்டாம் நாளே சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் முக்காலியில் ஏறி இருந்து, நான் செய்து வைத்திருந்த கட்டுப்பல் ஒன்றைக் கையில் எடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

“கண்ணாலே பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இரிக்கும்” என்றார். “நாக்குக்குக் கண் இல்லே. அதனாலே இப்பிடிப் பார்க்கணும்.”

அவர் வாயில் ‘பிழை’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. “இன்னும் கொஞ்சம் யோசிப்போம்” என்பார். அதற்குப் பொருள், உடைத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய் என்பது. முதல் வருடத்தில் நாங்கள் நிறைய யோசித்தோம்.

பூமணி வந்தது அவருடைய மூன்றாம் வருடத்தில். செட்டிபாளையத்தில் வீதியோரம் ஆப்பக்கடை வைத்திருந்த பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். நாலு மாதத்துக்கு முன்பு எங்கிருந்தோ வந்து விழுந்த ஷெல்லின் சிதறல் ஒன்று, இடப்பக்கக் கீழ்த்தாடையை வேட்டைப் பல்லிலிருந்து கடைவாய் வரைக்கும் கொண்டுபோயிருந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் நடுவில் எலும்பு இல்லாததால் நாடி, முகவாய், இடப்பக்கம் சரிந்து, கன்னம் உள்ளே ஒட்டி, வாய்நீர் நில்லாமல் வழிந்தது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் கணவர் சிவலிங்கம், கையில் பிளாஸ்க்கோடு. துணியில் வடித்த மீன் சொதியும் கஞ்சியும்தான் நாலு மாதமாக அவளுக்குச் சாப்பாடு.

அவள் பேசுவது எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. சிவலிங்கத்துக்கு மட்டும் விளங்கும். கண்டி டொக்டர் “என்ன மனே பிரச்சினை?” என்று கேட்டதும் அவள் கையை ஆட்டி ஆட்டி ஒரு நிமிடம் போலப் பேசினாள். சிவலிங்கம் தலையைக் குனிந்து, “டொக்டர் ஐயாவக் கும்புடுறாவாம்” என்றார்.

கண்டி டொக்டர் என்னைப் பார்த்தார். “இவ்வளவு நீளமா கும்பிடுற?”

பூமணி கணவரின் தோளில் ஒரு அடி போட்டாள். டொக்டரின் காதிலிருந்த பென்சிலைக் கேட்காமலே உருவி, கிளினிக் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். என்னை வாசிக்கச் சொன்னார்கள். “காலைல இருந்து வாங்குப் பலகையில இருக்க வச்சிட்டீங்க. நான் என்ன, வெயில்ல காயிற கருவாடா?”

டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். “கருவாடு இல்லே. மன்னியுங்க.” அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் நல்ல சிநேகம். சிவலிங்கம் மட்டும் ஒவ்வொரு முறையும் மொழிபெயர்க்க முன்னர் வியர்த்துக்கொண்டிருந்தார்.

என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டபோது, முகம் பழையபடி வேண்டும் என்று எழுதுவாள் என நான் எதிர்பார்த்தேன். அவள் எழுதியது, “கடிச்சுச் சாப்பிடணும். கடையத் தொறக்கணும்.” சற்று யோசித்து இன்னொரு வரியும் எழுதினாள். “ஏசினா ஆக்களுக்கு விளங்கணும்.”

அவளுக்கு எலும்பு வேண்டும். இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுக்கலாம் என்று டொக்டர் விளக்கினார். பூமணிக்கு உடனே கோபம் வந்தது. சிவலிங்கம் இந்த முறை மாற்றாமல் சொன்னார்: “இடுப்பெலும்ப எடுத்தா அடுப்படியில எப்பிடிக் குந்தி இருக்கிற எண்டு கேக்கிறா, ஐயா.”

டொக்டர் பென்சிலால் தன்னுடைய வெள்ளைக் கோட்டின் மேலேயே, இடுப்புப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். “இந்த எடம். இதுக்குள்ளே ஒரு கரண்டி அளவு எடுப்பம். சுவர் அப்பிடியே இரிக்கும்.” அப்படிச் சொல்லிவிட்டு கிளினிக்கில் அத்தனை பேருக்கும் நடுவில் குந்தி இருந்து காட்டினார். அடுப்பு ஊதுவது போலவும் ஊதினார். பூமணி சேலைத் தலைப்பை முகத்திலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். அவள் முகத்தை முழுதாக அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். இடுப்பின் உள்ளே இருந்து சுரண்டி எடுக்கிற எலும்பு கட்டியாக இருக்காது. ஈரச் சீனி போலப் பொல பொலவென்று, மச்சையோடு சேர்ந்து சிவப்பாக இருக்கும். உயிர் அதில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு உருவம் கிடையாது. தாடையின் வளைவில் அதைப் பிடித்து வைக்க ஒரு கூடு வேண்டும். வெளியே எடுத்த எலும்பு பட்டினியாய் இருக்கும், சுற்றியுள்ள சதையிலிருந்து இரத்தக்குழாய்கள் உள்ளே போக வேண்டும் என்பதால் அந்தக் கூட்டில் துளைகளும் வேண்டும். அப்படியான சாமான் எங்கள் களஞ்சியத்தில் இல்லை. எழுதிக் கேட்டால் சண்டையால் மூடிய பாதை திறந்து எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது.

டொக்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு என் முக்காலியில் வந்து இருந்தார்.

“வின்சன்ற், கட்டுப்பல்லுக்கு ஒரு உலோகம் வார்க்கிறது தானே. அதிலே இந்தக் கூடு வார்க்க ஏலுமா?”

“சேர், நான் இதுவரைக்கும் பல்லுக்குத்தான் வார்த்திருக்கன்.”

“பல்லு எங்கே இரிக்கு? தாடையிலே. நீங்க கொஞ்சம் கீழே போங்க, அவ்வளவுதான்.”

இப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது.

முதலில் உருவம். இல்லாத எலும்பின் உருவத்தை எங்கே போய் எடுப்பது? இப்போது கணினி ஒரு நொடியில் வலப்பக்கத்தைத் திருப்பி இடப்பக்கமாக்கிக் காட்டுகிறது. நாங்கள் எக்ஸ்ரே படத்தின் மேல் எண்ணெய்த்தாள் வைத்து, நல்லாயிருந்த வலப்பக்கத் தாடையைப் பென்சிலால் கீறி, தாளை மறுபக்கம் திருப்பிப் பிடித்தோம். அதுதான் எங்கள் கணினி. பிறகு அவளுடைய மேல்வாய், கீழ்வாய் அச்சுகளைப் பிளாஸ்டரில் எடுத்தேன். கீழ்வாய் அச்சைச் சிறு வாளால் இரண்டாக அறுத்து, மிச்சமிருந்த பற்களை மேல்வாய்ப் பற்களோடு பழையபடி கடிக்கும் விதமாக நகர்த்தி ஒட்டினேன். நடுவில் ஒரு வெளி விழுந்தது. அந்த வெளிதான் சிதறல் கொண்டுபோனது. விரலால் அளந்து பார்த்தேன், என் பெருவிரலை விடச் சற்று நீளம்.

அந்த வெளியில் மெழுகால், மேல்பக்கம் திறந்த ஒரு நீட்டுத் தொட்டி போலச் செய்தேன். இரண்டு அந்தத்திலும் ஆணி பூட்டக் காது வைத்தேன். சுட்ட ஊசியால் உடம்பெல்லாம் துளை போட்டேன். டொக்டர் அதைப் பூமணிக்குக் காட்டினார். அவள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரேயொரு சொல் எழுதினாள். “கரப்பு.”

கண்டி டொக்டருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. சிவலிங்கம் எழுந்து நின்று, வாவித் தண்ணீரில் நடப்பது போலக் காலைத் தூக்கி வைத்து, குனிந்து கவிழ்த்து, மேல் ஓட்டைக்குள் கையை விட்டு மீன் எடுத்துக் காட்டினார். அந்த மனிதர் அவ்வளவு நேரம் கூச்சமில்லாமல் நின்றதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். டொக்டருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “அப்ப நாங்க எலும்பு பிடிக்கப் போறம்!” அதற்குப் பிறகு ஒப்பரேஷன் தியேட்டரில் தாதிகளான மிஸ்ஸிமார் உட்பட எல்லோருக்கும் அது கரப்புத்தான்.

மெழுகை உலோகமாக்க, உருக்குகிற அளவுக்குச் சூடான தீ வேண்டும். எங்களிடமிருந்த அசிற்றிலீன் வாயு முடிந்து பல மாதமாகியிருந்தது. மெஷின் போட் ஒட்டுகிற வெல்டிங் கடைக்காரர் ஒருவர் தன்னிடமிருந்த சின்னச் சிலிண்டரைத் தந்தார். அதைக் கைவண்டிலில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். இடையில் ஒரு சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. வாயுச் சிலிண்டர் தள்ளிக்கொண்டு வருகிற தமிழனை அந்த நாளில் சென்றியில் எப்படிப் பார்ப்பார்கள் என்று விளக்கத் தேவையில்லை. டொக்டர் தந்த கடிதத்தோடு, சாட்சிக்கு இருக்கட்டும் என்று பூமணியின் பிளாஸ்டர்த் தாடையையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

ஆமிக்காரன் கடிதத்தைப் பார்க்கவில்லை. பையைத் திறந்தான். தாடையைக் கண்டதும் ஓரடி பின்னால் போனான். நான் கொழும்புச் சிங்களத்தில் அவசர அவசரமாக விளக்கினேன். ஒரு பெண்ணின் தாடை, எலும்பு இல்லை, கூடு செய்ய வேண்டும், அதற்குத்தான் வாயு. அவன் அச்சைக் கையில் எடுத்து, பற்களையும் நடுவிலிருந்த வெளியையும் வெகுநேரம் பார்த்தான். பிறகு துவக்கைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, என் முன்னால் வாயை அகலத் திறந்து விரலால் ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டினான். நான் நடு வீதியில், சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று, வெயில் படும்படி அவன் தலையைச் சரித்து உள்ளே பார்த்தேன். நல்ல பெரிய சூத்தை ஓட்டை.

“செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு வாருங்கள்” என்றேன்.

வந்தான். வரிசையில் நின்று பல்லைக் கழற்றிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்தச் சென்றியில் என் பையை யாரும் கிளறவில்லை.

முதல் வார்ப்புத் தோற்றது. மெழுகு உருவை அச்சுமண்ணுக்குள் புதைத்து, மின்சூளையில் வைத்துச் சூடேற்றினால் மெழுகு எரிந்து போய் உள்ளே வெறும் பள்ளம் மிஞ்சும். அந்தப் பள்ளத்துக்குள்தான் உருகிய உலோகம் போக வேண்டும். பாதிச் சூட்டில் மின்சாரம் நின்றது. அச்சு ஆறி வெடித்துவிட்டது. நான் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“இன்னும் கொஞ்சம் யோசிப்போம்” என்றார் டொக்டர். இந்த முறை அவரும் சேர்ந்து யோசித்தார். தியேட்டருக்கு ஜெனரேட்டர் போடுகிற நாளில் என் அறைக்கும் ஒரு வயர் இழுக்க ஒழுங்கு செய்தார்.

இரண்டாம் முறை நானே தீயைப் பிடித்தேன். உலோகம் முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, மேலே ஒரு மெல்லிய தோல் பிடித்து, அந்தத் தோல் வழுக்கி ஓடுகிற கணம் ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தினால் உலோகம் மூலைக்குப் போகாது. பிந்தினால் கருகிவிடும். அந்தக் கணத்தில், அச்சைச் சுழற்றி உலோகத்தை உள்ளே தள்ளுகிற சுருள்வில் இயந்திரத்தின் ஊசியை இழுத்துவிட்டேன். அச்சைத் தாங்கிய அதன் கை சுழன்று சுழன்று நின்றது. அச்சு ஆறிய பிறகு சுத்தியலால் தட்டினேன். மண் உதிர்ந்து கரப்பு வெளியே வந்தது. ஒரு துளை கூட அடைபடவில்லை.

இரண்டு நாள் அராவி மினுக்கினேன். பின்பக்க மூலையில், உள்விளிம்பில் ஒரு இடத்துக்குக் கருவி சரியாகப் போகவில்லை. விரலில் இலேசாகக் கீறியது. நாளைக்கு ஒப்பரேஷன். உள்ளே இருக்கப் போகிற மூலைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியதில் பயனில்லை.

மறுநாள் காலை டொக்டர் என்னையும் தியேட்டருக்குள் நிற்கச் சொன்னார். “உங்கட சாமான் பொருந்தாட்டி நான் யாரைக் கேக்கிற?” அவர் வேலை செய்யும்போது வாய்க்குள் மெல்ல ஏதோ பாட்டு முணுமுணுப்பார். முணுமுணுப்புக் கேட்டால் எல்லாம் சரி. நின்றால் எல்லோரும் மூச்சைப் பிடிப்போம்.

முதலில் மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார், தாடை சரியான இடத்தில் நிற்பதற்கு. பிறகு இடுப்பு. சிறு வெட்டு. எலும்பின் மேல்விளிம்பைப் பெட்டியின் மூடி போலத் தூக்கி, உள்ளே கரண்டி விட்டுச் சுரண்டி எடுத்தார். கிண்ணத்தில் அவளுடைய சொந்த இரத்தத்தோடு அது கிடந்தது. மேலே ஈரத்துணி போட்டு மூடினார்கள். “இது உயிரோட இரிக்கு. காய விட்டாச் செத்துப் போகும்” என்றார் என்னைப் பார்த்து. மூடியைப் பழையபடி வைத்துத் தைத்தார். பிறகு நாடிக்குக் கீழே வெளிப்பக்கத்தால் வெட்டி, வாயின் உட்தோலைத் திறக்காமல், எலும்பின் இரண்டு அந்தங்களையும் தேடி எடுத்தார். கரப்பை வைத்தார்.

பொருந்தியது. காதுகள் இரண்டும் எலும்பின் மேல் படிந்து நின்றன. முணுமுணுப்பு நிற்கவேயில்லை.

முனை வெட்டிய ஊசிக்குழாய் ஒன்றில் எலும்பை அடைத்துத் தள்ளித் தள்ளிக் கரப்பை நிரப்பினார், இடியப்ப உரலைத் திருப்பி வேலை வாங்குவது போல. மூலைகளை விரலால் அமர்த்தினார். சதையை மூடித் தைத்து முடிக்க மத்தியானம் தாண்டிவிட்டது. வெளியில் சிவலிங்கம் பிளாஸ்க்கோடு நின்றார்.

பத்து நாள் நன்றாகப் போனது. பதினோராம் நாள் டொக்டர் என்னை வாட்டுக்குக் கூப்பிட்டார். பூமணியின் உதட்டை விலக்கி, டோர்ச் பிடித்துக் காட்டினார். உட்கன்னத்தின் பின்பக்கத்தில் நெல்மணி அளவில் ஒரு கீறல் திறந்திருந்தது. அதற்குள் ஏதோ மினுங்கியது. இலேசான ஒரு கெட்ட மணம். வாயின் அழுக்கு அந்த வழியால் உள்ளே போனால் வைத்த எலும்பு முழுதும் சீழாகிப் போகும். கரப்பைக் கழற்ற வேண்டியதுதான். மற்ற இடுப்பிலிருந்து மறுபடி எடுப்பதற்கு அவளுடைய உடம்பும் இடம் கொடுக்க வேண்டும்.

டொக்டர் முணுமுணுக்கவில்லை. நான் அந்த இடத்தை அறிந்தேன். என் விரலில் கீறிய இடம்.

“சேர்” என்றேன். “அந்த மூலைய நான் சரியாத் தேய்க்கல்ல. தெரிஞ்சுதான் விட்டனான்.”

அவர் டோர்ச்சை அணைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

“இப்ப சொன்னது நல்லது” என்றார் கடைசியில். “இப்ப எங்கே தேய்க்கணும் எண்டு தெரியும். எவ்வளவு நீளம்?”

“ஒரு அரிசி நீளம், சேர்.”

அன்று பின்னேரமே மரத்துப்போக ஊசி போட்டு, கீறலைச் சற்று விலக்கி, மெதுவாகச் சுழலும் கருவியால் அந்த மூலையை அவர் தேய்த்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது என் வேலை. “இன்னும் உள்ளுக்க, சேர். இடப்பக்கம். அதுதான்” என்று என்னுடைய குற்றத்துக்கு நானே வழி காட்டினேன். தேய்த்து முடித்ததும் கையுறை விரலால் தடவினார், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு என்னையும் தடவச் சொன்னார்.

அதற்குப் பிறகு உப்புத்தண்ணீர். பற்கள் கட்டியிருந்ததால் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் ஊசிக்குழாயை விட்டு, ஒரு நாளைக்கு ஆறு தரம் கழுவ வேண்டும். சிவலிங்கம் அந்த வேலையைத் தான் எடுத்துக்கொண்டார். மிஸ்ஸிமார் கூட அவரளவுக்குக் கவனமாகச் செய்யவில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

பூமணியிடமும் நான் போய்ச் சொன்னேன். சொல்லாமல் நித்திரை வரவில்லை. கட்டிலருகில் நின்று, மூலை கூராக இருந்தது என் கவலையீனம் என்று சொல்லி முடித்தேன். அவள் எழுதுகிற கொப்பியை எடுத்தாள். எழுதி என் பக்கம் திருப்பினாள்.

“என்ர ஆப்பமும் சில நாள் கருகும். ஆனா கருகின ஆப்பத்த நான் ஆக்களுக்குக் குடுக்கிறல்ல.”

நான் கொப்பியைக் கையில் வாங்கி இரண்டாம் தரமும் வாசித்தேன். அவள் கொப்பியைத் திருப்பி வாங்கி, கீழே இன்னொரு வரி எழுதினாள். “மறுகா வாறக்குள்ள ஒரு கண்ணாடி கொண்டு வாங்க. என்ர முகத்த நான் இன்னும் பார்க்கல்ல.”

கண்ணாடி கொண்டு போனேன். அவள் பார்த்தாள். நாடி பழையபடி முகத்தின் நடுவில் இருந்தது.

கீறல் நாளுக்கு நாள் சிறுத்தது. ஐந்தாம் கிழமை டொக்டர் டோர்ச் பிடித்துத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, “எங்கே போச்சு?” என்று கேட்டார். மூடிவிட்டது. அடுத்த கிழமை கம்பியைக் கழற்றினோம். வாய் இறுகியிருந்ததால் முதலில் ஒரு விரல் அகலம்தான் திறந்தது. அத்தனை பேரும் சுற்றி நின்றோம், என்ன சொல்லப் போகிறாள் என்று.

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். “இந்த மனிசன் உப்ப அள்ளிப் போட்டு என்ர நாக்கக் கருவாடாக்கிப் போட்டுது” என்றாள். ஒவ்வொரு சொல்லும் எல்லோருக்கும் விளங்கியது. சிவலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஐயாவுக்கு நன்றி சொல்லுறா” என்றார், பழக்கத்தில்.

மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் கரப்புக்குள் மாரிகாலக் காலை வாவி போல ஒரு மங்கல் தெரிந்தது. ஆறாம் மாதம் மங்கல் வெள்ளையானது. துளைகள் இருந்த இடமெல்லாம் எலும்பு நிறைந்திருந்தது. அதன் மேல் நான் ஒரு சின்னக் கட்டுப்பல் செய்து கொடுத்தேன். அந்தக் கட்டுப்பல்லின் ஒவ்வொரு விளிம்பையும் கண்ணை மூடி மூன்று தரம் தடவினேன். முதலில் வாழைப்பழம், பிறகு பாண், பிறகு இறைச்சி என்று டொக்டர் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்தார். அவள் கிளினிக்கை விட்டு வெளியே போய், வாசலில் வறுத்த கச்சான் கடலை வாங்கி, படியிலேயே நின்று கடித்தாள். அந்த மாதமே ஆப்பக்கடை திறந்தாள். நாங்கள் போனோம். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சு போல. ஒன்று கூடக் கருகியிருக்கவில்லை என்பதை அவள் எனக்குக் குறிப்பாகக் காட்டினாள்.

அதற்குப் பிறகு இன்னும் ஏழு பேருக்குக் கரப்புச் செய்தோம். ஒருவருக்கு எலும்பு பிடிக்கவில்லை, இரண்டாம் முறை பிடித்தது. ஒருவர் முடியும் முன்னரே ஊரை விட்டுப் போய்விட்டார், என்ன ஆனாரோ தெரியாது. மற்றவர்கள் கடித்துச் சாப்பிட்டார்கள். கூரான மூலை ஒன்று கூட இருக்கவில்லை.

புதிய இயந்திரத்தைக் காட்டிய பிள்ளைகள், இப்போதைய சட்டங்கள் எலும்பு வளர வளர உடம்புக்குள்ளேயே கரைந்து போகும், கழற்ற இரண்டாவது ஒப்பரேஷன் தேவையில்லை என்றார்கள். நோயாளிக்கு அதுதான் நல்லது. ஆனால் நாங்கள் கழற்றினோம். கழற்றியதால் நான் ஒன்றைப் பார்த்தேன்.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கரப்பின் மேல்விளிம்பு கட்டுப்பல்லோடு உரசத் தொடங்கியது. கண்டி டொக்டருக்கு மாற்றலும் வந்திருந்தது. போக முன்னர் அதைக் கழற்றிவிட வேண்டும் என்றார். பூமணிக்குப் பயமில்லை. முதல் நாள் வரைக்கும் ஆப்பம் சுட்டுவிட்டு வந்து படுத்தாள். நான் பழைய இடத்தில் நின்றேன். டொக்டர் ஆணிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். கரப்பு இலேசில் வரவில்லை. எலும்பு துளைகளுக்குள்ளால் வெளியே வந்து அதைப் பிடித்து வைத்திருந்தது. நுனிகளைத் தட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துக் கிண்ணத்தில் போட்டபோது டங்கென்று சத்தம் கேட்டது.

உள்ளே ஒரு தாடை இருந்தது. எண்ணெய்த்தாளைத் திருப்பிப் பிடித்து நாங்கள் கீறிய அதே வளைவு. டொக்டர் சின்னக் கரண்டி ஒன்றால் அதன் மேல் இலேசாகச் சுரண்டினார். சுரண்டிய இடத்தில் ஊசிமுனை அளவில் ஒரு சிவப்புப் பொட்டு வந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. செத்த எலும்பில் இரத்தம் வராது.

“வின்சன்ற், கிட்ட வாங்க” என்றார். “நீங்க செய்ததைக் கழட்டிட்டம். இது அவ செய்தது. தொட்டுப் பாருங்க.”

கையுறை போட்டிருந்தேன். விரலை வைத்தேன்.

“அழுத்துங்க. பயப்பட வேணாம்.”

அழுத்தினேன். அசையவில்லை. விரலை எடுத்தேன். எடுத்த இடத்தில் மெதுவாக ஒரு சிவப்புப் பொட்டு வந்து நின்றது.